பிஎச்.டி.யைப் பாதியில் விட்டால் நான் தோற்றவளா?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 28. பெயரைச் சொன்னாலே எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற, சென்னையில் உள்ள ஒரு மத்திய உயர்கல்வி நிறுவனத்தில் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். சி.எஸ்.ஐ.ஆர். தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிச் சேர்ந்து 3 ஆண்டு 4 மாதம் ஆகிறது. அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. நான் சேர்ந்தபோது பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தார்கள். படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என்னைத்தான் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுகிறார்கள். அப்பா தறி நெய்கிறவர். கடைத்தெருவில் இப்போது அவருக்கு "டாக்டரம்மா அப்பா" என்றே பெயர்.

சாயத்தை ஒளியால் சிதைக்கும் வினையூக்கிகள்தான் என் ஆய்வு. பீக்கரில் 100 மில்லி மெத்திலீன் புளூ சாயக் கரைசலில் எல்லாம் அழகாக வேலை செய்யும். ஒரு பேப்பர் வந்துவிட்டது, இன்னொன்று பரிசீலனையில் இருக்கிறது. போன வருடம் திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நிஜக் கழிவுநீர் வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. ஏன் என்று தோண்டிய அந்த வாரம்தான் மூன்று வருடத்தில் நான் பசி மறந்து வேலை பார்த்த வாரம். "அதெல்லாம் பேப்பருக்கு உதவாது, விடு" என்றார் கைடு. அந்த நிலையத்தில் இருந்தே இப்போது வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மாதம் 58,000 ரூபாய். ஒரு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். "சாயத்தண்ணி சுத்தம் பண்ணவா இவ்வளவு படிச்ச?" என்கிறார் அண்ணன். விட்டுவிட்டால் நான் தோற்றவளா? வெற்றி எது என்று நானே முடிவு செய்து கொள்வது எப்படி? அப்பாவிடம் என்ன சொல்ல?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

"இல்லை, நீங்கள் தோற்றவள் இல்லை" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்த வரி உங்களுக்கு உதவாது. ஊர் தருகிற மரியாதை நிஜமானது. அதை இழப்பதும் நிஜமான இழப்பு. அதனால் அதையும் கணக்கில் ஒரு வரியாக எழுதித்தான் பேச வேண்டும்.

முதலில் அந்த மரியாதை எதற்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊரில் பத்துப் பேரிடம் உங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நிறுவனத்தின் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும். பேனர் வைத்தது நீங்கள் உள்ளே நுழைந்ததற்கு. அது நடந்து முடிந்த காரியம், இனி யாரும் திருப்பி எடுக்க முடியாது. தறிக்குடும்பத்தில் இருந்து ஒரு பெண் அந்த வாசலைத் தாண்டுவதற்குப் பின்னால் இரண்டு மூன்று தலைமுறை ஏக்கம் இருக்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது, நீங்களும் செய்யாதீர்கள். ஆனால் நுழைந்ததற்காகக் கிடைத்த மரியாதையை வைத்து, உள்ளே எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. வாழ்த்தியவர்களுக்கு அது ஒரு மாலைப்பொழுது வேலை. பீக்கருக்கு முன்னால் தினமும் பத்து மணி நேரம் நிற்கப்போவது நீங்கள்.

பெயரைக் கும்பிடும் இந்தப் பழக்கம் சட்டத்தாலும் உத்தரவாலும் போகிற வகை இல்லை. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. தனியார் பள்ளிகளின் மதில்களில் மதிப்பெண்ணோடு தொங்கும் முகங்கள் நின்றனவா? ஆகவே ஊர் மாறும் என்று காத்திருந்து முடிவெடுக்க முடியாது.

பெரிய படிப்பாளிகள் என்று நாம் கும்பிடுகிறவர்களின் வாழ்க்கையிலேயே இந்தக் கதை வேறுமாதிரி இருக்கிறது. சி.வி. ராமன் 1907இல் இந்திய நிதித்துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அன்றைக்கு ஓர் இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய அரசு வேலைகளில் அது ஒன்று. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர், 1917இல் அந்த வேலையை விட்டுக் குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். நோபல் வந்தது 1930இல். நடுவில் 13 ஆண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கினார். அதில் மனம் ஒட்டாமல் உயிரியலில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு படித்தார். அந்த இரண்டாவது பிஎச்.டி.யை முடிக்கவில்லை. தேவையானதைக் கற்றதும் ஆய்வு வேலைக்குப் போய்விட்டார். 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேதியியலில். இவர்களைச் சொல்வது உங்களுக்கும் பரிசு வரும் என்று ஆசை காட்ட இல்லை. பேனரில் இருக்கும் பெயருக்கும், அந்த மனிதர் ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்பதற்கும் சம்பந்தம் குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்களா, கைடோடு ஒத்துவரவில்லையா, இந்த வேலையே உங்களுக்கு ஆகவில்லையா? மூன்றும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும், மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றாம், நான்காம் ஆண்டுச் சோர்வு ஆய்வு மாணவர்களிடம் மிகச் சாதாரணம். கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கியிருப்பார்கள், அனுப்பிய கட்டுரை திரும்பி வரும், முடிவு எங்கே என்று தெரியாது. அந்தச் சோர்வில் விட்டவர்கள் பலர் பிறகு வருந்துகிறார்கள். வேலையே பிடிக்காமல் பெயருக்காக முடித்தவர்களும் வருந்துகிறார்கள்.

பிரித்துப் பார்க்க மூன்று வாரம், அதாவது 15 வேலை நாள், ஒரு குறிப்பு எழுதுங்கள். உங்கள் நாளை ஆறு வேலையாகப் பிரியுங்கள்: வினையூக்கி தயாரித்தல், கருவியில் அளத்தல், தரவை அலசுதல், படித்தல், எழுதுதல், மாணவர்களுக்கோ மற்றவருக்கோ விளக்குதல். ஒவ்வொன்றையும் முடித்தவுடன் கழித்தல் 2 முதல் கூட்டல் 2 வரை ஒரு எண் போடுங்கள். இரவு படுக்கும்போது மொத்தமாக எழுதினால் கடைசி ஒரு மணி நேரத்தின் மனநிலைதான் நாள் முழுக்கப் படியும்; பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மோசமான நாளில் மட்டும் எழுதுவது அடுத்த தவறு. கைடைச் சந்தித்த நாட்களுக்குத் தனிக்குறி இடுங்கள்.

எல்லா வேலைக்கும் எண் தாழ்ந்திருந்தால் அது களைப்பு. முதலில் பத்து நாள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய்வந்து மறுபடி எழுதுங்கள், அதுவரை முடிவெடுக்க வேண்டாம். சந்திப்பு நாட்களில் மட்டும் தாழ்ந்தால் சிக்கல் ஆளிடம். இணைக் கைடு கேட்பதும் ஆய்வுக் குழுவை நடுவில் கொண்டுவருவதும் போதலாம். தயாரித்தலுக்கும் எழுதுதலுக்கும் தொடர்ந்து கழித்தல், நிஜ மாதிரியை அளப்பதற்கும் அலசுவதற்கும் தொடர்ந்து கூட்டல் என்று வந்தால், உங்களுக்கு வேண்டிய வேலை வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கடிதத்தைப் படித்தால் மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. என் யூகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், எழுதிப் பாருங்கள்.

அடுத்து, இந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும், எதற்குத் தேவையே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் யாருக்கும் இது தெரியாது, அதனால்தான் "எல்லாம் போச்சு" என்ற பேச்சு வருகிறது. நீங்கள் ஜே.ஆர்.எஃப். வாங்கியவர். உதவிப் பேராசிரியர் பதவிக்கான நெட் தகுதி அதோடு உங்கள் கையில் இருக்கிறது. பிஎச்.டி.யை விட்டாலும் அது போகாது, அதற்குக் காலாவதியும் கிடையாது. 2023 ஜூலை முதல் அந்தப் பதவிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட் அல்லது மாநில அளவிலான செட் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லிவிட்டது, பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனால் நடைமுறையில் போட்டி கடுமையானது, தேர்வுப் பட்டியலில் பிஎச்.டி.க்குத் தனி மதிப்பெண் உண்டு. நாட்டில் பிஎச்.டி. படிப்பவர்கள் 2014-15இல் 1.17 லட்சம் பேர், 2021-22இல் 2.12 லட்சம். கல்லூரிப் பணியிடங்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் வேதியியல் விஞ்ஞானியாக வேண்டுமானால் பிஎச்.டி. ஏறக்குறையத் தவிர்க்க முடியாதது. வெளிநாட்டில் ஆய்வுப் பணிக்கும் அப்படியே. சுத்திகரிப்பு நிலையத்துக்கோ கழிவுநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கோ எம்.எஸ்சி. போதும். ஆக நீங்கள் விடுவதாக இருந்தால் உண்மையில் கைவிடுவது ஆய்வக விஞ்ஞானி என்ற பாதையை. அந்தப் பாதை உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி. பெயருக்கு முன்னால் வரும் முனைவர் என்ற சொல் வேண்டுமா என்பது அதிலிருந்து வேறான இன்னொரு கேள்வி.

பணத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிதாக இல்லை. உதவித்தொகை மொத்தம் 5 ஆண்டு. உங்களுக்கு மீதி 20 மாதம். ஜே.ஆர்.எஃப்.க்கு அடுத்த கட்டமான எஸ்.ஆர்.எஃப். மாதம் 42,000 என்றால் 8,40,000 ரூபாய். வேலையில் 58,000 வீதம் அதே காலத்தில் 11,60,000. வித்தியாசம் 3,20,000, விடுதிக்கும் வாடகைக்கும் உள்ள செலவு வித்தியாசத்தைக் கழித்தால் இன்னும் குறையும். வீட்டில் வட்டிக்கடன் ஏதும் நெருக்கவில்லை என்றால் பணம் இந்த முடிவைத் தீர்மானிக்கக் கூடாது.

வெற்றி எது என்று எப்படி முடிவு செய்வது எனக் கேட்டிருந்தீர்கள். மனதுக்குள் யோசித்தால் வராது. ஒரு தாளில் ஐந்து அல்லது ஆறு வரி எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியும் ஒரு வருடம் கழித்து நீங்களே ஆம், இல்லை என்று சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். "நல்ல நிலைமையில் இருக்க வேண்டும்" என்று எழுதினால் பயன் இல்லை. "வாரத்தில் மூன்று நாளாவது நிஜ மாதிரியோடு வேலை", "வீட்டுக்கு மாதம் 15,000", "மாதம் ஒரு முறை ஊருக்குப் போய்வர முடிய வேண்டும்", "என் வேலையால் ஓர் இடத்திலாவது திரும்பப் பயன்படும் தண்ணீரின் அளவு கூடியிருக்க வேண்டும்" என்பது போல எழுதுங்கள். பிறகு மொத்தம் 100 புள்ளியை இந்த வரிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

அதில் "ஊரில், உறவில் மரியாதை" என்று கட்டாயம் ஒரு வரி இருக்கட்டும். பலர் அதை எழுதாமல் விடுவார்கள், அல்லது பெருமையாகப் பூஜ்யம் போடுவார்கள். அது பொய் என்பதால் கணக்கு முழுவதும் பின்னால் கெட்டுவிடும். 15 என்றால் 15, 30 என்றால் 30, வெட்கப்பட ஒன்றுமில்லை. நூற்றுக்கு 60 என்று வந்தால் பட்டத்தை முடிப்பதே உங்களுக்கு நல்லது, அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளலாம். இந்த வரிக்கு எண் போடும் முன் ஒரு கேள்வி: பட்டம் கிடைக்கும், ஆனால் ஊரில் ஒருவருக்கும் கடைசிவரை தெரியவே தெரியாது என்றால், இன்னும் 20 மாதம் கொடுப்பீர்களா? உடனே பதில் சொல்லாதீர்கள், இரண்டு நாள் வைத்திருந்து எழுதுங்கள்.

புள்ளிகளைப் பிரித்து முடித்ததும் தேதி போட்டுத் தாளைப் படம் எடுத்து ஒரு தோழிக்கு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் வழிகளை அதில் வைத்து அளக்க வேண்டும். இல்லையென்றால் மனம் முன்பே தேர்ந்துவிட்ட வழி ஜெயிக்கும்வரை புள்ளிகளை மாற்றிக்கொண்டே இருப்போம்.

வழிகள் இரண்டு என்று நினைக்கிறீர்கள்: இருப்பது, விடுவது. எனக்குத் தெரிந்து நான்கு இருக்கின்றன. இப்படியே ஐந்து ஆண்டும் ஓட்டுவது. ஆய்வேட்டைக் குறுக்கி ஒரு தேதிக்குள் முடிப்பது. முழுநேரப் பதிவை வெளிநிலை அல்லது பகுதிநேரப் பதிவாக மாற்றிக்கொண்டு வேலைக்குப் போவது. விலகுவது, இதில் சில நிறுவனங்கள் முடித்த பாடங்களையும் ஆய்வையும் கணக்கில் எடுத்து முதுநிலை ஆய்வுப் பட்டம் தருகின்றன. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று கல்விப் பிரிவில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சீனியர் சொன்னார், விடுதியில் சொன்னார்கள் என்பதை நம்பாதீர்கள், விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன. பகுதிநேரமானால் சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகை நின்றுவிடும். இன்னொன்று, பரிசோதனைகள் பாக்கி இருக்கும்போது பகுதிநேரத்துக்குப் போனால் ஆய்வேடு பெரும்பாலும் முடியாது. எழுத்து மட்டும் மிச்சம் என்ற நிலையில்தான் அந்த வழி ஓடும்.

என் சாய்வு இரண்டாவது வழிக்கு, அதுவும் நீங்கள் ஒதுக்கி வைத்த அந்தக் கழிவுநீர்ப் பரிசோதனையால். வேலை செய்யாமல் போனது, காரணத்தைக் காட்ட முடிந்தால், ஆய்வேட்டில் ஒரு முழு இயலுக்குத் தகுதியானது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு நிறையப் போடுகிறார்கள், அது அப்படியே கழிவுநீரில் வருகிறது. குளோரைடும் பைகார்பனேட்டும் சாயத்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சில் ராடிக்கல்களைப் பிடித்துவிடுகின்றன. சல்பேட் வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டி இடத்தை அடைக்கிறது. அடர்ந்த நிறம் வெளிச்சத்தையும் மறைக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டியவர்கள் குறைவு, ஏனென்றால் பீக்கரில் மெத்திலீன் புளூ நிறம் போனதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறம் போனால் சாயம் சிதைந்தது என்று பொருளில்லை, வினையூக்கியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கைடிடம் போகும்போது ஒரே ஒரு பக்கம் கொண்டு போங்கள். மேலே இதுவரை முடிந்தவை: வெளியான கட்டுரை, பரிசீலனையில் உள்ள கட்டுரை, அவை எந்த இயல்கள். நடுவில் பாக்கி இயல்: சாதாரணக் கரைசலில் சோடியம் சல்பேட் லிட்டருக்கு 2, 4, 6 கிராம், பிறகு சோடியம் குளோரைடு அதே அளவுகள், பிறகு பைகார்பனேட், கடைசியில் நிஜக் கழிவுநீரை நான்கு மடங்கு, இரண்டு மடங்கு நீர்த்தும், நீர்க்காமலும். ஒவ்வொன்றிலும் நிறத்தோடு சி.ஓ.டி.யும் (நீரில் உள்ள கழிவை ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மொத்தக் கரிமமும் அளக்க வேண்டும். அதே வினையூக்கியை ஐந்து சுற்று திரும்பப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். சி.ஓ.டி. அளக்கும்போது குளோரைடு குறுக்கிட்டு எண்ணைக் கூட்டிக் காட்டும், மெர்க்குரி சல்பேட் சேர்க்காமல் அளந்தால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். இவ்வளவுக்கும் நான்கு மாதம், எழுத மூன்று மாதம். பக்கத்தின் கடைசியில் ஒரு தேதி: ஆய்வுச்சுருக்கம் சமர்ப்பிக்கும் தேதி.

பேச்சை "விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் சார்" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அரை மணி நேரமும் அறிவுரையிலேயே போய்விடும். "இந்தத் தேதிக்குள் முடிக்க நினைக்கிறேன், இதில் எது குறைகிறது என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "இன்னும் ஒரு பேப்பர் வேண்டும்" என்பது வழக்கமான பதில். எந்தத் தரவு, எந்த இதழ், எந்த மாதம் என்று அங்கேயே கேளுங்கள். வெளியே வந்த அன்றே பேசியதை ஐந்து வரியில் மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். சண்டைக்காக இல்லை, ஆறு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் நினைவு வேறு வேறாக இருக்கும் என்பதற்காக. ஆறு வாரத்தில் தேதி கிடைக்கவில்லை என்றால் ஆய்வுக்குழுத் தலைவரிடம் அதே பக்கத்தைக் கொடுங்கள். அங்கேயும் வழி இல்லை என்றால் நீங்கள் கவலையில்லாமல் நான்காவது வழியைப் பார்க்கலாம்.

விலகுவதாக முடிவானால் கோபத்தில் சாவியை வைத்துவிட்டு வராதீர்கள். பரிசீலனையில் இருக்கும் கட்டுரையில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆய்வகக் குறிப்பேடு நிறுவனத்தின் சொத்து, அதைக் கொடுத்துவிட வேண்டும். எதை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிலுவையில்லாச் சான்று, விடுவிப்புக் கடிதம், முடித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியல் மூன்றையும் கையில் வாங்காமல் விடுதியைக் காலி செய்யாதீர்கள். உதவித்தொகையை ராஜினாமா செய்யும் முறை, கொடுக்க வேண்டிய அறிக்கை, எந்த மாதம் வரை பணம் உண்டு என்பதெல்லாம் உங்கள் விருது நிபந்தனைகளில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள். கூடுதலாக வந்த ஒரு மாதப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தால் எரிச்சலாக இருக்கும்.

அந்த வேலையையும் பேனரைப் பார்ப்பது போலத் தூரத்தில் இருந்து பார்க்காதீர்கள். நிறுவனத்தின் பெயரை ஊர் கும்பிடுவது போல, களப்பணியை ஆய்வு மாணவர்கள் கும்பிடுவதும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறை இல்லாமல் அங்கே தொழில் நடத்த முடியாது. உயிரியல் தொட்டி, பிறகு சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ., அதில் கழியும் உப்புநீர் ஆவியாக்கிக்கு, அங்கிருந்து மீளும் சல்பேட் மறுபடி சாயப்பட்டறைக்கு. தினசரிச் சண்டை ஆர்.ஓ. சவ்வு அடைப்பதோடும், ஆவியாக்கியில் படியும் உப்போடும், எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் குவியும் கலப்பு உப்போடும். இரண்டு நாள் போய் அங்கே இருந்து பாருங்கள், அதில் ஒன்று இரவு ஷிப்டாக இருக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் எந்தெந்தக் கருவி இருக்கிறது, மாதிரி எடுக்கும் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்வது யார், ஒரு எண் வரம்பைத் தாண்டினால் உங்கள் குறிப்பேட்டில் அப்படியே எழுத விடுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் போகாதீர்கள். பெண்களுக்கு இரவுப் போக்குவரத்து, தங்குமிடம் பற்றி எழுத்தில் வாங்குங்கள். அங்கே இப்போது இருக்கும் இருவரிடமும் அங்கிருந்து போன ஒருவரிடமும் பேசுங்கள். போனவர் சொல்வதுதான் அதிகம் உதவும்.

அப்பாவிடம் பேசுவது. போனில் வேண்டாம், நேரில், அவரிடம் மட்டும், அண்ணனும் பெரியப்பாவும் கூடத்தில் இல்லாத நேரத்தில். அவருக்குத் தெரியும் முன் உறவில் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. கடைத்தெருவில் கேள்விப்பட்டால் அவர் வருத்தம் முடிவைப் பற்றியதாக இருக்காது, தன்னிடம் சொல்லவில்லையே என்பதாக இருக்கும். "விட்டுட்டேன்ப்பா" என்று முடிந்த செய்தியாகச் சொல்லாதீர்கள். "நாலு வழி பாத்து வச்சிருக்கேன்ப்பா, உங்ககிட்ட கேக்காம எதுவும் முடிவு பண்ணல" என்று தாளை எடுத்து வையுங்கள். நூலும் சாயமும் கையில் புழங்கிய மனிதர் அவர். சாயத்தண்ணீர் ஆற்றிலும் கிணற்றிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் கைடைவிட அவருக்கு எளிதாகப் புரியவைக்கலாம். நிஜத் தண்ணீரில் உங்கள் மருந்து ஏன் தோற்றது என்பதை முதலில் சொல்லுங்கள், வேலை விஷயம் பிறகு வரட்டும். முதல் நாள் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு நீங்கள் மேலே மேலே விளக்காதீர்கள், இரண்டு நாள் விடுங்கள்.

அண்ணனுக்கும் டீக்கடைக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் அதையே சொல்லுங்கள்: "படிச்சதத் திருப்பூர் தண்ணியில போட்டுப் பாக்கிறேன்." ஆளுக்கு ஒரு காரணம் சொன்னால் அவர்கள் கூடிப் பேசும்போது அது ஏதோ மறைப்பது போல ஆகிவிடும். பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் போவதை நிறுத்தாதீர்கள். ஒரு பாட்டிலில் கழிவுநீரையும் இன்னொன்றில் சுத்திகரித்த நீரையும் எடுத்துப் போய் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் கொடுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மேலே சொன்ன தாள், புள்ளி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். நிறுவனத்தின் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மனஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

திருப்பூர்க்காரர்கள் ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரக் குறிப்பும் கைடுடன் ஆறு வாரப் பேச்சும் அதற்குள் அடங்காது. இந்த வாரமே மேலும் எட்டு வாரம் அவகாசம் கேட்டு எழுதுங்கள், கூடவே ஆய்வை முடித்துவிட்டு வந்தால் எடுத்துக்கொள்வார்களா, அதுவரை அவர்களுடைய கழிவுநீர் மாதிரியை மாதம் ஒரு முறை ஆய்வுக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள். மாதிரி தர ஒப்புக்கொண்டால் உங்கள் பாக்கி இயலுக்கு அது தயார். கைடிடம் போகும் முன் அந்தப் பதில் கையில் இருந்தால் நல்லது.